கியூ அரண்மனையின் செங்கல் சுவர்: வருகிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்விகள்

லண்டனுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் கியூ தோட்டத்துக்கு ஒதுக்கிவிடுவேன். கண்ணாடி மாளிகை, பகோடா எல்லாம் பார்த்து முடித்து, தேம்ஸ் ஆற்றுப் பக்கமாக வந்தால் திடீரென்று ரத்தச் சிவப்பில் ஒரு வீடு நிற்கும். பலகையில் ‘கியூ அரண்மனை’ என்று இருக்கும். அங்கே ஆரம்பிக்கும் கேள்விகள், ரயில் ஏறும்வரை ஓயாது. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். ராஜா ராணி கதையைவிடச் சுவர் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். அந்த வீட்டில் எனக்குப் பிடித்ததே சுவர்தான்.

இதுவா அரண்மனை? காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீடே இதைவிடப் பெரிசா இருக்குமே!

இருக்கும்தான். இது அரண்மனையாகக் கட்டப்பட்டதே இல்லை. 1631இல் சாமுவேல் ஃபோர்ட்ரி என்ற லண்டன் வணிகர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. மூன்று தளம், அதற்கு மேல் கூரைக்குள் ஒரு பரண் தளம், அவ்வளவுதான். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின் ராணி தன் மகள்கள் தங்குவதற்காக இதைக் குத்தகைக்கு எடுத்தார். 1781இல் மூன்றாம் ஜார்ஜ் விலைக்கே வாங்கிவிட்டார்.

அப்போதும் இது முக்கிய மாளிகை இல்லை. எதிரே ‘வெள்ளை வீடு’ என்று ஒன்று இருந்தது, ராஜ குடும்பம் வாழ்ந்தது அங்கேதான். அதை 1802இல் இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தைக் காட்ட இப்போது புல்வெளியில் ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. ஆற்றங்கரையில் கோட்டை மாதிரி ஒரு புதிய அரண்மனையை ஜேம்ஸ் வயட் என்ற கட்டடக் கலைஞர் ஆரம்பித்தார். அது முடியவே இல்லை. நான்காம் ஜார்ஜ் காலத்தில் அதையும் இடித்தார்கள். கடைசியில் மிஞ்சியது வணிகர் வீடு மட்டும். அரண்மனை என்ற பெயரும் இதன் தலையில் விழுந்தது.

‘டச்சு வீடு’ன்னு ஒரு பெயர் சொல்றாங்களே, டச்சுக்காரங்க கட்டினதா?

இல்லை. ஃபோர்ட்ரி லண்டன்காரர், ஆனால் குடும்பம் ஃபிளெமிஷ் வழி வந்தது. ஃபிளாண்டர்ஸ் என்ற பகுதியைச் சேர்ந்தவர்கள் ஃபிளெமிஷ்காரர்கள்; இன்றைய பெல்ஜியமும் பிரான்ஸின் வடக்கு ஓரமும் சேர்ந்தது அது. அந்தக் கால ஆங்கிலேயர்களுக்கு ஃபிளெமிஷ், டச்சு எல்லாம் ஒன்றுதான். நம்மை எல்லாம் ‘மதராசி’ என்று ஒரே கூடையில் போட்ட மாதிரி.

இன்னொரு காரணம் வீட்டின் தலையலங்காரம். கூரை முகப்பில் வளைந்து நெளிந்து ஏறும் மூன்று முக்கோணச் சுவர்கள் இருக்கின்றன, பாருங்கள். அந்த வடிவம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வாசலுக்கு மேலே ஏதோ எழுத்து செதுக்கியிருக்கே, அது என்ன?

சாமுவேல், அவர் மனைவி கேத்தரின், ஃபோர்ட்ரி என்ற குடும்பப் பெயர் ஆகிய மூன்றின் முதல் எழுத்துகள். கூடவே 1631 என்ற வருஷம். எழுத்துகளைக் கயிற்று முடிச்சு போட்டது மாதிரி பின்னியிருப்பார்கள். ஆங்கில மரபில் அதைக் காதலர் முடிச்சு என்பார்கள். கிரகப்பிரவேச வருஷத்தையும் பெயரையும் நம் ஊரில் வாசல் மேல் எழுதுவோமே, அதே ஆசைதான். ராஜாக்கள் வந்து தங்கியும் அதை யாரும் அழிக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, பிளான் போட்டது யார்? பேர் இல்லாமலா இருக்கும்?

பேர் இல்லை. 1630களில் இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு இன்றைய அர்த்தத்தில் ஆர்க்கிடெக்ட் கிடையாது. தலைமைக் கொத்தனார், தச்சர், வீட்டுக்காரர் மூவரும் பேசி முடிப்பார்கள். அச்சில் வந்த அலங்கார மாதிரிப் புத்தகங்களைப் பார்த்து, தூணையும் முகப்பையும் தங்கள் கைக்கு வந்தபடி செய்வார்கள்.

அதே சமயத்தில் லண்டனில் இனிகோ ஜோன்ஸ், இத்தாலியப் பாணியில் அளவு பிசகாத வெள்ளைக் கட்டடங்களை அரச குடும்பத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தார். கிரீனிச்சில் இருக்கும் ராணி மாளிகை அவருடையது. இலக்கணப்படி பார்த்தால் கியூ வீட்டின் அலங்காரம் கொஞ்சம் கொச்சை. பிற்கால வரலாற்று ஆசிரியர் ஜான் சம்மர்சன் இந்த மாதிரி வேலைக்கு ‘ஆர்ட்டிசன் மேனரிசம்’ என்று பெயர் வைத்தார், அதாவது கைவேலைக்காரர்களின் பாணி. லண்டனின் மேற்கே இக்கன்ஹாமில் உள்ள ஸ்வேக்லீஸ் என்ற வீடும் இதே குடும்பம்தான், 1630களில் முடிந்தது. என்னைக் கேட்டால், ஜோன்ஸின் வெள்ளைக் கட்டடங்களை மரியாதையோடு பார்க்கலாம். இதைச் சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

ராஜா ஊர்ல கல்லுக்கா பஞ்சம்? ஏன் செங்கல்?

லண்டனைச் சுற்றி உண்மையிலேயே நல்ல கட்டடக் கல் கிடையாது. தென்கிழக்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் களிமண்ணும் சுண்ணப் பாறையும்தான். கல் வேண்டுமென்றால் தொலைவிலிருந்து படகில் வரவேண்டும், செலவு எகிறும். காலுக்குக் கீழே களிமண் சும்மா கிடக்கிறது. எனவே செங்கல்.

அதற்காக இது ஏழைகளின் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். ரோமானியர்கள் போனபிறகு இங்கிலாந்தில் பல நூறு வருஷம் புதிதாகச் செங்கல் அறுக்கும் தொழிலே அற்றுப்போனது. பழைய ரோமானியச் செங்கலைப் பெயர்த்துத்தான் தேவாலயம் கட்டினார்கள். அப்புறம் மெல்லத் திரும்பி வந்தது. சஃபோக்கில் உள்ள லிட்டில் வென்ஹாம் ஹால் சுமார் 1270-80இல் செங்கல்லால் கட்டப்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் டாட்டர்ஷால் கோட்டை, 16ஆம் நூற்றாண்டில் ஹாம்டன் கோர்ட் என்று பெரிய மனிதர்கள் செங்கலில் கட்டவே, அது அந்தஸ்தின் அடையாளம் ஆகிவிட்டது. சாதாரண ஜனங்கள் மரச்சட்டமும் மண்பூச்சுமாக இருந்த காலம் அது. ஃபோர்ட்ரி செங்கலில் கட்டியதே ‘நான் வசதியானவன்’ என்று சொல்வதற்குத்தான்.

செங்கல் எப்படிச் செய்வாங்க? ஃபேக்டரி கிடையாதே?

நம் ஊர் காளவாசலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இலையுதிர் காலத்தில் களிமண்ணை வெட்டிக் குவித்து, குளிர்காலம் முழுக்க அப்படியே விடுவார்கள். உறைபனி கட்டிகளை உடைத்துப் பதப்படுத்திவிடும். நமக்கு இல்லாத இலவசக் கூலி ஆள் அது. வசந்தத்தில் மிதித்துப் பிசைந்து, மர அச்சில் அறுத்து, வரிசையாக அடுக்கிக் காயவைத்து, கோடையில் அடுக்குச் சூளையில் வேகவைப்பார்கள். சூளை நடுவில் இருப்பது நன்றாக வெந்து வரும், ஓரத்தில் இருப்பது அரைவேக்காடாக வரும். தரம் பார்த்துப் பிரித்து, நல்லதை முகப்புக்கும் மட்டமானதைச் சுவரின் உள்வயிற்றுக்கும் வைப்பார்கள்.

பழைய செங்கல் இப்போதையதைவிட ஒல்லியாக, இரண்டேகால் அங்குல உயரம் வாக்கில் இருக்கும். ஒல்லியாக இருந்தால் சீராகக் காயும், சீராக வேகும்.

பாலிடெக்னிக்ல இங்கிலீஷ் பாண்டு, ஃபிளெமிஷ் பாண்டுன்னு படிச்சேன். இது ரெண்டுல எது?

இது திருச்சியில் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கும் என் சித்தப்பா கேட்டது. அவருக்காகவே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பாண்டு என்றால் சுவரில் செங்கலை அடுக்கிக் கட்டும் முறை. கியூவில் இருப்பது ஃபிளெமிஷ் பாண்டு. இங்கிலாந்தில் இந்தக் கட்டு பயன்பட்ட மிக ஆரம்பகால வீடுகளில் இதுவும் ஒன்று. சித்தப்பா புத்தகத்தில் படித்ததற்கு முன்னோடி இந்தச் சுவர் என்றதும், கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார். (தொடக் கூடாது. காவலர் பார்க்கவில்லை.)

வித்தியாசம் இதுதான். இங்கிலீஷ் பாண்டில் ஒரு வரி முழுக்கச் செங்கல்லின் நீளப் பக்கம் தெரியும், அடுத்த வரி முழுக்கக் குறுக்குத் தலை தெரியும். ஃபிளெமிஷ் பாண்டில் ஒவ்வொரு வரியிலும் நீளம், தலை, நீளம், தலை என்று மாறி மாறி வரும்; மேல்வரியின் தலை கீழ்வரி நீளத்தின் நட்டநடுவில் உட்காரும். தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுக்கக் கோலத்தின் புள்ளி வரிசை மாதிரி ஒரு தாளம் தெரியும். பலத்தில் இங்கிலீஷ் பாண்டுதான் மேல் என்பார்கள். அழகில் ஃபிளெமிஷ் பாண்டை அடித்துக்கொள்ள முடியாது. அடுத்த இருநூறு வருஷம் நல்ல வீடுகளின் முகப்பு எல்லாம் இந்தக் கட்டுக்கே போனது.

இதில் ஒரு திருட்டும் உண்டு. தலை தெரியும் கல் சுவருக்குள் ஆழமாகப் போய், முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிற்காலத்தில் லண்டனில் வியாபாரத்துக்கு வீடு கட்டியவர்கள் விலை கூடிய முகப்புச் செங்கலைப் பாதியாக உடைத்து, தலை மாதிரி வெறுமனே ஒட்டிவைத்தார்கள். வெளியே பார்த்தால் அச்சு அசல் ஃபிளெமிஷ் பாண்டு. உள்ளே பிடிப்பே இல்லை. அப்படிப்பட்ட முகப்புகள் பின்னால் வயிறு தள்ளி நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

குயின் குளோசர்னு ஒரு துண்டுக் கல் மூலைல வைப்போம். அது இந்த வீட்டு ராணி பேர்ல வந்ததா?

மீண்டும் சித்தப்பா. இல்லை, இந்த வீட்டு ராணிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது செங்கலை நீளவாக்கில் பாதியாக வெட்டிய துண்டு. மூலையில் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் தள்ளிவிட வைப்பது. கிங் குளோசரும் உண்டு என்பது அவருக்கே தெரியும்.

ஃபிளெமிஷ் பாண்டுன்னா ஃபிளாண்டர்ஸ்ல இருந்து வந்ததுதானே? வீட்டுக்காரரும் அந்த ஊர்க்காரர்?

பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பெயரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஃபிளாண்டர்ஸில் இந்தக் கட்டு அப்படியொன்றும் வழக்கமானதாக இருக்கவில்லை. இங்கிலாந்தில்தான் அது கொடிகட்டிப் பறந்தது. முன்பே சொன்ன மாதிரி, கடலுக்கு அந்தப் பக்கத்து வாசனை அடித்தால் ஆங்கிலேயர்கள் டச்சு என்றோ ஃபிளெமிஷ் என்றோ பெயர் வைத்துவிடுவார்கள்.

ஜன்னலைச் சுத்தி இருக்கற தூணும் வளைவும் கல்லுதானே? பெயின்ட் அடிச்சிருக்காங்களோ?

கிட்டப் போய்ப் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் புடைத்துக்கொண்டிருக்கும் கட்டைகள், சுவரோடு ஒட்டிய தூண்கள், மேலே இருக்கும் முக்கோணங்கள் எல்லாம் செங்கல். கல்லில் செய்யவேண்டிய நகாசை எல்லாம் செங்கலிலேயே செய்திருக்கிறார்கள். இந்த வீட்டின் சாமர்த்தியமே அதுதான்.

இதற்குத் தனிச் செங்கல் வேண்டும். கற்களும் கட்டிகளும் நீக்கிய நைசான, மணல் கலந்த மண்ணில் செய்து, மிதமாக வேகவைத்தது. உள்ளும் புறமும் ஒரே மென்மையாக இருக்கும். கொத்தனார் அதைச் சின்னக் கோடரியால் கொத்தி வடிவம் கொண்டுவந்து, பிறகு கல்லில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வளைவையும் விளிம்பையும் சரிசெய்வார். அம்மிக்கல்லில் மஞ்சள் இழைக்கும் பொறுமை வேண்டும். இணைப்பு மெல்லிசாக, நைசான சுண்ணாம்புப் பசையால் இருக்கும். பதினைந்து நிமிடம் இருந்தால் போதும் என்று வருகிறவர்களிடம், அதில் பத்து நிமிடத்தை வெளியே நின்று இதைப் பார்ப்பதற்கே செலவழியுங்கள் என்பேன்.

செங்கல்லே சிவப்பு. அதுமேல எதுக்குச் சிவப்புச் சாயம்?

எல்லாரும் கேட்பது இது. சிலர் கோபமாகவே கேட்பார்கள், பழைய வீட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று.

அது பெயின்ட் இல்லை. சுண்ணாம்பில் காவி மண் கலந்து அடித்த பூச்சு. நம் கோயில் மதிலில் வெள்ளைப் பட்டையும் காவிப் பட்டையும் அடிப்போமே, அதே காவி. மேலே சொன்னபடி சூளையில் வெந்த செங்கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம்: ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று வெளிறிய ஆரஞ்சு. அன்றைய ரசனைக்கு அந்தத் திட்டுத்திட்டு பிடிக்காது. சுவர் முழுக்க ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். அதற்காகக் காவிப் பூச்சு அடிப்பது அந்தக் காலத்தில் சகஜம். பல இடங்களில் அதற்கு மேல் இணைப்புகளை வெள்ளைக் கோடாக எழுதிக் காட்டவும் செய்வார்கள்.

கியூ சுவரில் பழைய பூச்சின் மிச்சம் கிடைத்தது. 1996இல் வீட்டை மூடி, பத்து வருஷம் பழுதுபார்த்தபோது, அந்த மிச்சத்தை வைத்து இதே நிறத்தை மறுபடி அடித்தார்கள். பழைய வீடு என்றால் நிறம் மங்கித்தான் இருக்க வேண்டும் என்று நாம்தான் பழகிவிட்டோம். ஃபோர்ட்ரி பார்த்த வீடு இப்படிப் பளிச்சென்றுதான் இருந்தது.

மேலே அந்த வளைஞ்ச முகப்புக்கு ஏதாவது உபயோகம் உண்டா, இல்லை சும்மா ஷோவா?

பெரும்பாலும் ஷோதான். பின்னால் இருப்பது சாதாரணச் சாய்வுக் கூரை. அதன் முக்கோண முனையை மறைத்து, சுவரை மேலே தூக்கி, இரண்டு பக்கமும் வளைத்து, உச்சியில் ஒரு சின்ன மகுடம் வைத்திருக்கிறார்கள். மகுடம் எல்லாம் ஒரே வடிவம் இல்லை. ஒன்று முக்கோணம், ஒன்று வில் மாதிரி வளைவு என்று மாறி வரும். ஆம்ஸ்டர்டாம், ஆண்ட்வெர்ப் தெருக்களில் வணிகர் வீடுகளுக்கு இப்படித் தலை உண்டு. அங்கே குறுகிய மனையில் வீட்டின் ஒரே முகம் அது. இங்கே மனை தாராளம். எனவே ஒன்றுக்கு மூன்றாக வைத்துவிட்டார் மனிதர்.

ஜன்னல் எல்லாம் 1631ல வெச்சதா?

இல்லை. இப்போது இருப்பவை மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னல்கள். அந்த வகை 1631இல் இங்கிலாந்தில் கிடையாது. முதலில் இருந்தது நடுவில் சிலுவை மாதிரி சட்டம் போட்டு, ஈயப் பட்டையில் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த ஜன்னல். 18ஆம் நூற்றாண்டில் ராஜ குடும்பம் வந்த பிறகு மாற்றிவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் சுவர் ஒரு காலம், ஜன்னல் ஒரு காலம் என்று தெரியும்.

செங்கல்லுக்கு வரி போட்டதால இப்படி ஒல்லியாச் செஞ்சாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே?

தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். செங்கல் வரி உண்மைதான். அமெரிக்கப் போரில் பட்ட கடனை அடைக்க 1784இல் மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் போட்டது, ஆரம்பத்தில் ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங். எண்ணிக்கைக்கு வரி என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கல்லைப் பெரிதாக்கினார்கள். அரசும் விடவில்லை, 1803இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி போட்டது. 1850இல்தான் வரி ஒழிந்தது. கியூ வீடு இந்த வரிக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. அதன் கல் ஏன் ஒல்லி என்பதை மேலே சூளைப் பதிலில் சொல்லிவிட்டேன்.

மூணாம் ஜார்ஜைப் பைத்தியம்னு அடைச்சு வெச்சது இந்த வீட்லதானே?

1788-89 குளிர்காலத்தில் நடந்த, எல்லாரும் கேள்விப்பட்ட அந்தச் சம்பவம் இடிக்கப்பட்ட வெள்ளை வீட்டில். இந்த வீட்டின் கதை அதற்குப் பின்னால் வருகிறது. 1818 ஜூலையில் இந்த வீட்டின் வரவேற்பறையில் அவருடைய இரண்டு மகன்களுக்கு ஒரே நாளில் கல்யாணம் நடந்தது; அதில் ஒருவர் விக்டோரியாவின் தந்தை. அதே வருஷம் நவம்பர் 17 அன்று மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் ராணி மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். அதன் பிறகு யாரும் இங்கே குடிவரவில்லை. அதனால்தான் வீடு மாறாமல் நின்றது.

மேல் தளத்தை ஏன் அப்படியே இடிஞ்ச மாதிரி விட்டுட்டாங்க? காசு தீர்ந்துபோச்சா?

வேண்டுமென்றே விட்டது. கீழே இரண்டு தளங்களை மூன்றாம் ஜார்ஜ் காலத்துக்குக் கொண்டுவந்து அலங்கரித்துவிட்டு, இளவரசிகள் இருந்த மேல் அறைகளைப் பழுதுபார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். பழைய வண்ணம், மரச்சட்டம், பூச்சு உரிந்த சுவர் எல்லாம் தெரியும். வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் கீழ்த்தளத்துப் பட்டுத்திரையில் ஒன்றும் இல்லை, மேலே ஏறுங்கள். 2006இல் திறந்தபோது நான் முதலில் ரசித்தது அந்தத் தளத்தைத்தான்.

சிமென்ட் வெச்சுப் பூசியிருந்தா இன்னும் ஆயிரம் வருஷம் நிக்குமே?

சீக்கிரம் போயிருக்கும். பழைய செங்கல் மென்மையானது, அதைவிட மென்மையான சுண்ணாம்புக் காரையில் உட்கார்ந்திருக்கிறது. மழை ஈரம் உள்ளே போனாலும் இணைப்பு வழியாக ஆவியாகி வெளியே வந்துவிடும். கட்டடம் லேசாக அசைந்தால் காரை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இணைப்பில் சிமென்ட் வைத்தால் ஈரத்துக்கு அந்த வழி அடைபடும். அப்புறம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து உப்பும்போது செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். லண்டனில் பழைய தெருக்களில் நடந்தால், சிமென்ட் இணைப்பு சட்டம் மாதிரி துருத்திக்கொண்டு, நடுவில் செங்கல் குழிந்து போன சுவர்களைப் பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு செய்த வேலை அது.

சித்தப்பா இதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. காரை பிடிக்க நாளாகும், கூலி கட்டுப்படியாகாது என்றார். அதுவும் உண்மைதான்.

அப்போ இந்த வீட்டிலேயே ரொம்பப் பழசு எது? வாசல்ல இருக்கற 1631தானா?

அதற்கும் கீழே. தரைக்கு அடியில் இருக்கும் வளைவுக் கூரை போட்ட நிலவறை 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே முன்பே ஒரு வீடு இருந்தது. ஃபோர்ட்ரி மேல்பகுதியைப் புதிதாகக் கட்டியபோது, அதன் அடிவயிற்றை மட்டும் வைத்துக்கொண்டார்.